ஓவியப் பெருமாட்டி மேய்னி ஜெல்லட்

புதுமையைக் கண்டு நகைத்தல் எவர்க்கும் எளிது. அந்நகைப்பைப் பொறுத்துக்கொண்டு, நகைத்தவர்க்கே அப்புதுமையின் பொருளை விளங்கச் செய்தல் அரிது. கலையுலகின் வரலாற்றை நோக்குவோமாயின், ஊராரின் இகழ்ச்சியைத் தாங்கமாட்டாது தாய்நாட்டைத் துறந்து சென்றோர் பலரைக் காண்கின்றோம். உள்ளம் உடைந்து தூரிகையைக் கீழே வைத்தோர் சிலரையும் காண்கின்றோம். தம்மை எள்ளிய ஊரிலேயே தங்கி, அவ்வூர்ச் சிறுவர் சிறுமியர்க்கு வண்ணமும் வடிவும் பயிற்றி, சினந்து ஒதுங்காது உழைத்து, இருபதாண்டுக் காலத்தில் அந்நாட்டார் ஓவியத்தைக் காணும் கண்ணையே மாற்றியவர் ஒருவரைக் காண்பது அருமை. அயர்லாந்து தேசத்து ஓவியப் பெருமாட்டியாராகிய மேய்னி ஜெல்லட் அம்மையார் அத்தகையவர். நாற்பத்தாறு ஆண்டுகளே நிலவுலகில் வாழ்ந்த அவ்வம்மையாரின் வரலாறு, கலை பயில்வார்க்கேயன்றி, புதுநெறி யாதானும் ஒன்றை மேற்கொண்டு உழைப்பார் யாவர்க்கும் ஊக்கம் அளிப்பதாகும்.

பிறப்பும் குடியும்

அயர்லாந்தின் தலைநகர் டப்ளின். அந்நகரில் பிட்ஸ்வில்லியம் சதுக்கம் என்பது, செங்கல்லாற் கட்டிய உயர்ந்த மனைகள் நாற்புறமும் வரிசையாக நிற்க, நடுவே பூங்கா அமைந்த அழகிய இடம். அதன்கண் 36-ஆம் எண்ணுள்ள மனையில், 1897-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 29-ஆம் நாள் நம் அம்மையார் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மேரி ஹாரியட்; வீட்டார் அழைத்த மேய்னி என்னும் செல்லப் பெயரே பின்னர் உலகறிந்த பெயராயிற்று. பெண்மக்கள் நால்வருள் இவரே மூத்தவர்.

ஜெல்லட் குடி கல்வியாலும் தொண்டாலும் பெயர் பெற்றது. பாட்டனார் ஜான் ஹூவிட் ஜெல்லட் கணித நூலில் வல்லுநர். டப்ளின் டிரினிட்டிக் கல்லூரியின் தலைவராக வீற்றிருந்தவர். தந்தையார் வில்லியம் மார்கன் ஜெல்லட் பெயர் பெற்ற வழக்கறிஞர். 1919 முதல் 1922 வரை டப்ளின் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியாக இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் அமர்ந்தவர். தந்தையாரின் உடன்பிறந்தவராகிய ஈவா ஜெல்லட், டிரினிட்டிக் கல்லூரியில் மருத்துவப் பட்டம் பெற்ற முதற் பெண்மணியார். அவ்வத்தையார் தாம் கற்ற மருத்துவத்தைத் தம் நாட்டிற் பொருளீட்டும் வழியாகக் கொள்ளாது, கடல் கடந்து நம் இந்திய நாட்டிற்கு வந்து மிஷன் மருத்துவராகத் தொண்டு புரிந்தார் என்பது நாம் நன்றியோடு நினைத்தற்குரியது. பெண்டிர் வழக்கமில்லாத வழியிலும் துணிந்து நடக்கலாம் என்னும் பாடத்தைச் சிறுமி மேய்னி ஏட்டிலன்று, வீட்டிலேயே கற்றிருத்தல் கூடும்.

அன்னையார் ஜேனட் இசையில் தேர்ந்தவர். ஆதலின் அம்மனை எந்நேரமும் இசை முழங்கும் மனையாயிருந்தது. தங்கையருள் ஒருவராகிய பே என்பார் வயலின் பயின்று, பிற்காலத்தில் டப்ளினிலுள்ள கெய்ட்டி நாடக அரங்கின் இசைக்குழுவை நடத்தினார். மேய்னியும் பியானோ வாசிப்பில் மிக்க பயிற்சி பெற்றார். மேடையேறி வாசிக்கும் இசைவாணராக வாழ்தலே தம் பணியென்று இளமையில் எண்ணியிருந்தார். இவ்விசைப் பயிற்சியை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். அம்மையாரின் ஓவியத்தைத் திறக்கும் திறவுகோல் இதுவேயாகும்.

ஓவியக் கல்வி

பதினோராம் வயதளவில் மேய்னி ஓவியம் பயிலத் தொடங்கினார். முதலாசிரியருள் ஒருவர், கவிஞர் யேட்ஸின் உடன்பிறந்தவராகிய எலிசபெத் யேட்ஸ். அவ்வகுப்பில் உடன் பயின்ற சிறுமியருள் ஒருவர், பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற எலிசபெத் போவன். 1914-ஆம் ஆண்டில் மேய்னி டப்ளின் மாநகர ஓவியப் பள்ளியிற் சேர்ந்தார். அங்கு வில்லியம் ஆர்ப்பென் என்னும் பேராசிரியரின் நெறி ஓங்கியிருந்தது. உடலின் அமைப்பைக் கோடு பிறழாது எழுதுதல் அந்நெறியின் உயிர். கண்ணாற் கண்டதைக் கையாற் பிழையின்றி எழுதும் திறத்தை மேய்னி அங்கு முற்றப் பெற்றார். பின்னாளில் அவர் உருவங்களை விலக்கி வரைந்தபோது, உருவம் எழுதத் தெரியாமையால் அவ்வாறு செய்தார் என்று எண்ணியோர் இந்த உண்மையை அறியாதவரே.

1917-ஆம் ஆண்டில் அவர் இலண்டன் சென்று வெஸ்ட்மின்ஸ்டர் ஓவியப் பள்ளியில் வால்ட்டர் சிக்கர்ட் என்பாரிடம் பயின்றார். சிக்கர்ட், பிரெஞ்சு ஓவியர் தேகாவின் நண்பர். மாளிகையும் மன்னரும் மட்டுமே ஓவியத்திற்குரிய பொருள் என்பதை மறுத்து, வாடகை அறையும் தெருவோர வாழ்க்கையும் கூட ஓவியமாகும் என்று காட்டியவர். அவரிடம் பயின்ற பின்னரே, இசையோ ஓவியமோ என்று இருபாற்பட்டிருந்த மேய்னியின் உள்ளம் ஓவியத்தையே தன் வாழ்வாகத் தெளிந்தது. தம் கலை வாழ்வில் மூன்று புரட்சிகள் நேர்ந்தன என்று அவர் பிற்காலத்திற் கூறுவதுண்டு. அவற்றுள் முதலாவது சிக்கர்ட்டிடம் பயின்றது.

வெஸ்ட்மின்ஸ்டரிலேயே மற்றொரு பெரும்பேறும் வாய்த்தது. அதுவே ஈவி ஹோன் அம்மையாரின் நட்பு. ஈவி 1894-ஆம் ஆண்டில் டப்ளினருகே பிறந்தவர். இளம்பிள்ளைவாதத்தால் தாக்குண்டு, வாழ்நாள் முழுதும் நடை தளர்ந்து துன்புற்றவர். ஒருவர் நல்ல உடலுரமும் சுறுசுறுப்பும் உடையவர். மற்றவர் நோயின் வாயிலாகப் பொறுமையைக் கற்றவர். இருவரையும் பிணித்தவை ஓவியப் பற்றும் இறைவன்பால் கொண்ட பற்றும் ஆம். இந்நட்பு மேய்னியின் இறுதி நாள்வரை குன்றாது நிலவிற்று.

1920-ஆம் ஆண்டில் மேய்னி அயர்லாந்தின் சிறந்த பரிசுகளுள் ஒன்றாகிய டெயிலர் உதவித்தொகையைப் பெற்றார். இந்நிலையில் அவர் நின்றிருப்பாராயின், செல்வர் உருவங்களை எழுதிப் பொருளும் பெயரும் ஈட்டி இனிது வாழ்ந்திருக்கலாம். அவர் நிற்கவில்லை.

பாரிஸ் நகரில்

1921-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மேய்னி பாரிஸ் சென்றார். ஈவி முன்னரே அங்குச் சென்று ஆந்த்ரே லோட் என்னும் ஆசிரியரிடம் பயின்றுகொண்டிருந்தார். மேய்னியும் அவரிடமே சேர்ந்தார். அக்காலத்து ஐரோப்பிய ஓவியவுலகில் கியூபிஸம் என்னும் புதுநெறி பரவியிருந்தது. ஒரு பொருளை ஓரிடத்திலிருந்து ஒரு கண்ணாற் கண்டதுபோல் எழுதாது, அதனைப் பட்டைகளாகவும் கோணங்களாகவும் பகுத்து, பல பக்கங்களையும் ஒருங்கே காட்ட முயல்வது அந்நெறி. லோட் அந்நெறியினரே எனினும், மனித உருவத்தை முற்றும் விடாது, பழம்பெரும் ஓவியர்களின் படங்களை அலகு அலகாகப் பிரித்துக் காட்டி, அவற்றுள் மறைந்துள்ள கட்டமைப்பை மாணவர்க்கு உணர்த்தினார். இது மேய்னியின் இரண்டாம் புரட்சி.

இருவர் உள்ளமும் இதனாலும் அமைதியுறவில்லை. உருவத்தைப் பிரித்து மீண்டும் உருவமாகக் கூட்டுவதாயின், பாதி வழியில் நிற்பதன்றோ? உருவமே இன்றி வண்ணமும் வடிவும் மட்டுமே ஓர் ஓவியமாதல் கூடுமோ? இவ்வினாவிற்கு விடை தேடி, 1921-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவர்கள் ஆல்பேர் கிளெஸ் என்பாரை அணுகினர். கிளெஸ், மெட்ஸிங்கர் என்பாருடன் சேர்ந்து 1912-ஆம் ஆண்டிலேயே கியூபிஸத்தைப் பற்றி முதல் நூல் எழுதியவர். அவர் அக்காலத்து மாணவரை ஏற்கும் வழக்கம் உடையரல்லர். தம்மிடம் கற்பிப்பதற்கு முறையான பாடம் எதுவுமில்லை என்று சொல்லிப் பார்த்தார். வந்த பெண்மணியர் இருவரும் குரலுயர்த்தாமலே தம் வேண்டுகோளில் உறுதியாக நின்றனர். அவ்வுறுதியைக் கண்டு தாம் அஞ்சியே இசைந்ததாகக் கிளெஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

அன்று தொடங்கிய கல்வி வியப்புக்குரியது. ஆசிரியர் முன்னரே அறிந்ததை மாணவர்க்கு ஓதிய கல்வியன்று அது. மூவரும் கூடி, ஓவியத்திற்கு உள்ளிருந்தே அமையும் விதிகள் யாவை என்று படிப்படியாக ஆராய்ந்து கண்டனர். அவ்விதிகளைக் கிளெஸ் பின்னர் நூலாக எழுதினார். தம் கொள்கை தெளிவுற்றதில் இவ்விரு மாணவியர்க்கும் பங்குண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. மேய்னியும் ஈவியும் ஆண்டின் ஒரு பகுதியை அயர்லாந்திலும் ஒரு பகுதியை அவரிடத்திலுமாகக் கழித்துப் பல்லாண்டுகள் பயின்றனர். இதுவே மூன்றாம் புரட்சி.

புது நெறியின் இயல்பு

அந்நெறி யாது என்பதை ஈண்டுச் சுருங்கக் கூறுதல் நலம். ஓவியம் எழுதும் துணியோ பலகையோ தட்டையானது. மலைகள் தொலைவில் நிற்பதுபோலவும் சாலை உள்ளே செல்வதுபோலவும் அதில் எழுதுதல் கண்ணை ஏமாற்றும் வித்தை. மறுமலர்ச்சிக் காலம் முதல் ஐரோப்பியர் அவ்வித்தையையே ஓவியமென்று கொண்டனர். கிளெஸும் மாணவியரும் அதனை விலக்கினர். முதலில் பலகையின் நாற்கோண வடிவத்தையே அடிப்படையாகக் கொண்டனர். அதனுள் அதனையொத்த சிறு நாற்கோணங்களை அமைத்து, அவற்றை மேலும் கீழும் பக்கங்களிலுமாக நேரே நகர்த்தினர். அடுத்து அவற்றை ஓர் அச்சைப் பற்றிச் சாய்த்துச் சுழற்றினர். நகர்வும் சுழற்சியும் கூடிய இடத்தில் புதிய வடிவங்கள் தோன்றின. ஒவ்வொரு வடிவிற்கும் அடுத்த வடிவின் நிறத்தோடு இயைந்தோ முரணியோ நிற்கும் நிறத்தைத் தெரிந்து பூசினர். காண்போர் கண் ஒரு வடிவினின்று மற்றொன்றிற்கு இயங்கி, முழுப்படத்தையும் சுற்றிவந்து, இறுதியில் நடுவே அமைதியுறும்.

இதில் மரமும் மனிதரும் இல்லை. எனின், பொருளில்லையோ? இங்கேதான் இளமையிற் கற்ற இசை துணைவந்தது. சொல்லின்றிக் கருவியில் இசைக்கும் பண் எந்த மரத்தையும் எந்த மனிதரையும் காட்டுவதில்லை. ஆயினும் அது நம்மை அழச்செய்கின்றது, மகிழச்செய்கின்றது, தொழவும் செய்கின்றது. செவிக்கு ஆகும் இது கண்ணிற்கு மட்டும் ஏன் ஆகாது? சுருதியும் தாளமும் இசைக்கு எவ்வாறோ, அவ்வாறே நிறமும் இயக்கமும் ஓவியத்திற்கு என்பது மேய்னி கொண்ட முடிபு. பியானோவைக் கைவிட்டாரேனும் இசையை அவர் கைவிடவில்லை. அதனை வண்ணமாக மாற்றிக்கொண்டார் எனலாம்.

ஊரார் நகைப்பு

1923-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், டப்ளின் ஓவியர் சங்கத்தின் காட்சியில் மேய்னி தம் புதிய படைப்புகளை முதன்முதல் வைத்தார். அவற்றுள் ஒன்று அலங்காரம் என்னும் பொருளுடைய பெயர் தாங்கியது. மரப்பலகைமேல் பழமுறைப்படி வண்ணம் குழைத்துப் பூசிப் பொன்னிறம் சேர்த்துச் செய்த அது, வடிவத்தில் இடைக்காலத்துக் கோயிற் பீடங்களின்மேல் வைக்கும் படத்தை ஒத்திருந்தது. உற்று நோக்குவார்க்கு, தாயொருத்தி மகவை ஏந்தியிருக்கும் சாயலும் அதனுள் தோன்றும். அயர்லாந்தில் காட்சிக்கு வந்த உருவமில் ஓவியங்களுள் அதுவே முதன்மையானவற்றுள் ஒன்று.

அந்நாட்டின் அன்றைய நிலையையும் நாம் எண்ணவேண்டும். 1922-ஆம் ஆண்டிலேதான் அயர்லாந்து தன்னாட்சி பெற்றது. அதனைத் தொடர்ந்து உடன்பிறந்தாரே ஒருவரோடொருவர் பொருத உள்நாட்டுப் போர் 1923-ஆம் ஆண்டு மே மாதத்திலேதான் ஓய்ந்தது. புதிய நாடு தன் முகத்தைத் தானே கண்டறிய விழைந்த காலம் அது. மேற்குக் கடற்கரையின் மலையும் குடிசையும், மீனவரும் உழவரும் ஓவியங்களில் விளங்கவேண்டும் என்று பலரும் விரும்பினர். அவ்வேளையில், ஆங்கில ஆட்சியை ஆதரித்த குடியிற் பிறந்த பெண்ணொருத்தி, பாரிஸ் நகரிலிருந்து கொணர்ந்து வைத்த உருவமற்ற படம் அவர்க்கு அயல்நாட்டு நோயாகவே தோன்றியதில் வியப்பில்லை.

நகரின் முதன்மையான நாளிதழொன்று அப்படத்தை அச்சிட்டு, அதனருகே ஒரு வெங்காயத்தின் புகைப்படத்தையும் அச்சிட்டு விளையாடிற்று. கவிஞரும் ஓவியருமாகிய ஜார்ஜ் ரஸ்ஸல் இன்னும் கடுமையாக எழுதினார். பிற நாட்டார் பட்டுத் தேறிய ஒரு நோய் காலந்தாழ்ந்து இப்பெண்ணைப் பற்றியதென்பது அவர் கருத்து. ரஸ்ஸல் சிறுமையாளர் அல்லர். உழவர்க்காகக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்க நாடெங்கும் திரிந்து உழைத்தவர். இளங்கவிஞர் பலரைக் கைகொடுத்துத் தூக்கியவர். கண்ணுக்குத் தோன்றாத தெய்வ உலகைத் தம் படங்களில் எழுத முயன்றவர். அத்தகைய நல்லவரே இங்குப் பிழைபட்டார் என்பதை நினைக்குந்தோறும் நாம் அஞ்சவேண்டியுளது. கயவரின் இகழ்ச்சி ஒருவனை எளிதிற் புண்படுத்தாது. சான்றோரின் இகழ்ச்சியே நெஞ்சைச் சுடும். அப்போது மேய்னிக்கு வயது இருபத்தாறு.

மறுமொழி

அம்மையார் அளித்த மறுமொழி என்ன? 1924-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஈவியும் தாமுமாக இருவர் படங்களையும் சேர்த்து அதே நகரில் மீண்டும் காட்சி வைத்தார். அதுவே முதல் மறுமொழி. இரண்டாவது மறுமொழி இருபதாண்டுகள் நீண்டது. அவர் பேசினார், எழுதினார், கற்பித்தார். ஓவியர் கூட்டங்களிலும் பொதுச் சபைகளிலும் சொற்பொழிவாற்றி, இப்புது நெறியின் அமைப்பைப் பொறுமையோடு விளக்கினார். தம் மனையிலேயே சிறுவர்க்கும் பெரியோர்க்கும் ஓவியம் பயிற்றினார். ஓவியன் ஏனையோரினும் வேறான விந்தைப் பிறவி என்னும் கருத்தை அவர் ஏற்கவில்லை. தச்சனும் கொல்லனும் போல அவனும் சமுதாயத்திற்கு வேண்டிய ஒரு தொழிலாளி. அத்தொழிலாளியின் கைவண்ணத்தாலேயே ஒரு நாட்டின் உள்ளம் அறியப்படும் என்பது அவர் கொள்கை. அதற்கேற்பத் தரைவிரிப்புகளுக்கும் நாடக அரங்குகளுக்கும் கூட அவர் கோலங்கள் வகுத்துத் தந்தார்.

இவற்றினும் ஆழ்ந்த மறுமொழி ஒன்று உண்டு. அயல்நாட்டுச் சரக்கென்று ஊரார் தள்ளியது உண்மையில் அயர்லாந்தின் சொந்தப் பழம்பொருளே என்று அவர் எடுத்துக்காட்டினார். டிரினிட்டிக் கல்லூரியின் நூல்நிலையத்தில் கெல்ஸ் சுவடி என்னும் நற்செய்திச் சுவடி போற்றிக் காக்கப்படுகின்றது. ஏறத்தாழ 800-ஆம் ஆண்டளவில் துறவிகள் எழுதிய அச்சுவடியின் பக்கங்களில், சுருளும் முடிச்சும் பின்னலுமாக வடிவங்கள் ஒன்றையொன்று தழுவி இயங்குகின்றன. அங்கு எழுதப்பெற்ற மனித உருவங்களும் கண்ணாற் கண்ட மனிதரைப்போல் அமையவில்லை. ஊர்ப்புறங்களில் நிற்கும் பழைய கற்சிலுவைகளிலும் இதே இயல்பைக் காணலாம். கண்ணை ஏமாற்றும் வித்தையை அறியாத, அல்லது வேண்டாத, அப்பண்டைத் துறவிகளின் வழியிலேயே தாமும் நடப்பதாக மேய்னி கூறினார். பாட்டனார் தலைவராயிருந்த கல்லூரியின் பெட்டகத்திலிருந்த செல்வத்தின் பெருமையை, பாரிஸ் சென்று திரும்பிய பின்னரே பேத்தி முற்றும் உணர்ந்தார் போலும். தொலைவிற் சென்றவர்க்கே சிற்சில வேளை சொந்த வீடு நன்கு விளங்குகின்றது.

மாறிய காற்று

1925-ஆம் ஆண்டில் பாரிஸில் நடைபெற்ற புதுக்கலைப் பெருங்காட்சியில் மேய்னி, ஈவி இருவர் படங்களும் இடம்பெற்றன. 1928-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் விழாவை ஒட்டி நிகழ்ந்த கலைப் போட்டியில் மேய்னியின் படம் அயர்லாந்தின் சார்பில் வைக்கப்பெற்றது. அவ்வாண்டிலேயே அவர், பிரா ஆஞ்செலிக்கோ என்னும் இத்தாலியத் துறவியோவியர்க்கு வணக்கமாக ஒரு படம் எழுதினார். மரியாளுக்கு முடி சூட்டும் காட்சியாக அத்துறவி எழுதிய பழைய ஓவியத்தைத் தழுவியது அது. முகங்களும் கைகளும் மறைந்து, வளைந்த வடிவங்களும் ஒளிமிக்க நிறங்களுமே நிற்கின்றன. எனினும் வணங்கும் கூட்டத்தின் அமைதி படம் முழுதும் நிறைந்துள்ளது. இதனை டப்ளின் மக்கள் நகையாடவில்லை. பலர் பாராட்டினர். ஐந்தாண்டுகளில் காற்றுச் சிறிதே திரும்பியது.

1935-ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டனில் சீனக் கலைப் பெருங்காட்சி ஒன்று நடைபெற்றது. அதனைக் கண்ட மேய்னி பெரிதும் உளம் நெகிழ்ந்தார். மலையையும் நீரையும் முற்றும் விலக்காமலே, அவற்றின் உள்ளியக்கத்தை மட்டும் பற்றி எழுதும் சீனர் திறம் அவருக்கு ஒரு புது வாயிலைத் திறந்தது. அதன்பின் அவர் படங்களில் இயற்கை மெல்ல மெல்ல மீண்டும் நுழைந்தது. அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ஆக்கில் தீவின் குதிரைகளை அவர் எழுதிய படம் அவ்வாறு வந்ததே. அதில் குதிரைகளின் கழுத்து வளைவும் கடலலைகளின் வளைவும் ஒன்றில் ஒன்று கலந்து ஓடுகின்றன. மேற்குக் கரையை எழுதவில்லை என்று முன்னர் அவரைக் குறைகூறியோர்க்கு, மேற்குக் கரையைத் தம் நெறியிலேயே எழுதிக் காட்டினார்.

1938-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் நடைபெற்ற பேரரசுப் பொருட்காட்சியில் அயர்லாந்து மண்டபத்தின் சுவரோவியங்களை எழுதும் பணி மேய்னியிடம் ஒப்படைக்கப்பெற்றது. பதினைந்தாண்டுகளுக்கு முன் வெங்காயத்தோடு ஒப்பிட்டு நகைக்கப்பட்ட கை, நாட்டின் முகத்தைப் பிறநாட்டார்க்கு எழுதிக் காட்டும் கையாக மதிக்கப்பெற்றது.

போர்க்காலமும் இறுதிப் பணியும்

1939-ஆம் ஆண்டில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. அயர்லாந்து போரிற் கலவாது ஒதுங்கி நின்றதாயினும், உலகின் துயரம் அம்மையாரின் உள்ளத்தைத் தாக்கிற்று. அவர் இறுதியாண்டுகளில் எழுதிய படங்களுட் பல திருமறைப் பொருளைக் கொண்டவை. 1941-ஆம் ஆண்டில் ஒன்பதாம் மணிநேரம் என்னும் பெயருடன் ஆண்டவரின் சிலுவைக் காட்சியை எழுதினார். 1943-ஆம் ஆண்டில் அயர்லாந்தின் கன்னித்தாயை எழுதினார். இப்படங்களில் உருவங்கள் தெளிவாகவே தோன்றுகின்றன. ஆயினும் இருபதாண்டுக் காலம் உருவமின்றி எழுதிப் பழகிய கையின் ஒழுங்கு அவ்வுருவங்களின் எலும்பாக உள்ளே நிற்கின்றது. உருவத்தைத் துறந்து சென்றவர், துறவின் பயனைக் கைக்கொண்டு உருவத்திற்கு மீண்டார் எனலாம்.

அக்காலத்தில் டப்ளினின் கலை அதிகாரிகள் புதுமைக்கு இன்னும் கதவடைத்தே இருந்தனர். 1942-ஆம் ஆண்டில், பிரெஞ்சு ஓவியர் ரூவோ எழுதிய கிறிஸ்துவும் போர்வீரனும் என்னும் படத்தை அன்பர் சிலர் நகராண்மை ஓவியக்கூடத்திற்கு நன்கொடையாக அளித்தபோது, அது தகாததென்று மறுக்கப்பட்டது. அதே ஆண்டில் இளைஞர் லூயி லெ பிரோக்கி எழுதிய படத்தை அரச ஓவியக் கழகம் தன் காட்சியில் ஏற்கவில்லை. இனிப் பொறுத்தல் தகாது என்று கண்ட ஓவியர் சிலர் ஒன்றுகூடி, அயர்லாந்து உயிர்க்கலைக் காட்சி என்னும் ஓர் அமைப்பை 1943-ஆம் ஆண்டில் நிறுவினர். ஈவி ஹோன், நோரா மெக்கின்னஸ், லெ பிரோக்கி, ஓவியரும் குருவுமாகிய ஜாக் ஹேன்லன் முதலியோர் அதன்கண் இருந்தனர். தலைமை மேய்னிக்கே வாய்த்தது.

இவ்வமைப்பின் சிறப்பொன்றைக் குறித்தல் வேண்டும். தம்மைத் தள்ளிய அரச ஓவியக் கழகத்தாரை இவர்கள் பதிலுக்குத் தள்ளவில்லை. கழகத்தைச் சார்ந்தோர் சிலரும் இதன் குழுவில் இடம்பெற்றனர். பழமையோ புதுமையோ, உயிருள்ள படைப்பாயின் சுவரில் இடமுண்டு என்பதே இவர்கள் கொள்கை. வென்றவர் தோற்றவர்க்கும் இருக்கை அளிக்கும் வெற்றியே நிலைக்கும் வெற்றி.

அவ்வாண்டு செப்டம்பர் மாதம் டப்ளினில் முதற்காட்சி திறக்கப்பெற்றது. ஆனால் எவர் உழைப்பால் அது கூடிற்றோ, அவர் நோய்வாய்ப்பட்டிருந்தார். புற்றுநோய் அவர் உடலைப் பற்றியிருந்தது. 1944-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 16-ஆம் நாள் மேய்னி ஜெல்லட் அம்மையார் இறைவனடி சேர்ந்தார். இளமையில் உடன் பயின்ற எலிசபெத் போவன் அவரைப் பற்றி நெஞ்சுருகும் நினைவுரை ஒன்று எழுதினார். உயிர்க்கலைக் காட்சியின் தலைமையை நோரா மெக்கின்னஸ் ஏற்று நடத்த, அது பல்லாண்டுகள் ஆண்டுதோறும் நிகழ்ந்து, இளைய ஓவியர்க்குப் புகலிடமாய் விளங்கிற்று. மறுக்கப்பட்ட ரூவோவின் படமும் பின்னர் அந்நகராண்மைக் கூடத்திலேயே ஏற்கப்பட்டது.

அம்மையாரின் பெருமை

அம்மையாரின் கலையிற் குறை கூறுவோரும் உளர். ஆசிரியர் கிளெஸின் நிழலிலிருந்து அவர் முற்றும் விலகவில்லை என்பர். உள்ளத்தினும் அறிவே அவர் படங்களில் மிகுந்தது என்பாரும் உண்டு. இவற்றிற் சிறிது உண்மையிருக்கலாம். ஆயினும் விதை கொணர்ந்தவரை, அவர் நட்ட மரம் ஒன்றை மட்டும் கொண்டு அளத்தல் முறையன்று. தோழி ஈவி ஹோன், மேய்னியோடு கற்ற அதே ஒழுங்கைக் கண்ணாடிச் சாளரக் கலையிற் செலுத்தி, இங்கிலாந்தின் ஈட்டன் கல்லூரி ஆலயத்திற்கு 1949 முதல் 1952 வரை உழைத்து அமைத்த பெருஞ்சாளரம் உலகப்புகழ் பெற்றது. ஈவி 1955-ஆம் ஆண்டில் மறைந்தார். 1962-ஆம் ஆண்டில் டப்ளின் நகராண்மை ஓவியக்கூடம் மேய்னியின் படைப்புகளைத் திரட்டிக் காட்சி வைத்தது. 2025-ஆம் ஆண்டில் அயர்லாந்து தேசிய ஓவியக்கூடம், இத்தோழியர் இருவர் படங்களையும் ஒருங்கே அமைத்து, அவர்தம் நட்பையே தலைப்பாக்கிப் பெருங்காட்சி நடத்திற்று. 1923-ஆம் ஆண்டில் நகைக்கப்பட்ட அலங்காரம் என்னும் அப்பலகை இப்போது அத்தேசியக் கூடத்தின் செல்வங்களுள் ஒன்று.

நாம் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கது யாது? நமக்கு விளங்காத ஒன்றைக் காணும்போது, அது பொருளற்றதோ, அல்லது நாம்தாம் இன்னும் கண் திறக்கவில்லையோ என்று ஒருமுறை நின்று எண்ணுதல் ஒன்று. நாம் உண்மையென்று கண்டதைப் பிறர் நகைப்பராயின், நகைத்தவரை விட்டு ஓடாது, அவர் நடுவிலேயே நின்று நாள்தோறும் உழைத்தல் மற்றொன்று. மேய்னி அம்மையார்க்கு இருபது ஆண்டுகள் தேவைப்பட்டன. அவற்றின் முழுப்பயனை அவர் கண்ணாற் காணவில்லை. விதைத்தவர் ஒருவர், அறுப்பவர் ஒருவராதல் உலகியல்பு. அறுவடையை எண்ணாது விதைத்தவர் என்பதனாலேயே அவர் பெயர் நிலைத்து நிற்கின்றது.